அசைவுக்கு முன் எல்லை: எஃபெக்ட்ஸ் கருவி பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால், இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒலிக்கு எதிரொலி போன்ற விளைவுகளைச் சேர்க்கும் எஃபெக்ட்ஸ் ப்ராசஸரின் அளவுருக்களைத் தாமாக அசையச் செய்யும் மாடுலேஷன் அமைப்பை எவ்வாறு கையாள்வது என்பதே அப்பொருள்.

கேள்வி: மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். அண்மையில் வாங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் கருவியில் மாடுலேஷன் பக்கத்தைத் திறந்தால் சோர்ஸ், டெஸ்டினேஷன், டெப்த், ரேட், ஷேப், போலாரிட்டி என்று வரிசையாக வருகின்றன. எதை மாற்றினாலும் ஒலி கலங்கிப் போகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: கருவியிலுள்ள ஒவ்வொரு குமிழும் ஓர் அளவுருவைக் குறிக்கிறது. எதிரொலியின் கால அளவு, ஒலியின் சில பகுதிகளை மட்டும் வடிகட்டும் ஃபில்டரின் அதிர்வெண், பெரிய கூடத்தின் முழக்கத்தைத் தரும் ரிவெர்பின் கலவை விகிதம் எனப் பல உண்டு. உங்கள் இரு கைகளும் கிதாரில் இருக்கும்போது வேறொருவர் அருகில் நின்று அக்குமிழ்களில் ஒன்றை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். திருப்புபவர் யார் என்பது சோர்ஸ். எந்தக் குமிழைத் திருப்புகிறார் என்பது டெஸ்டினேஷன். எவ்வளவு தூரம் திருப்புகிறார் என்பது டெப்த், எவ்வளவு விரைவாக என்பது ரேட், சீராகவா வெட்டி வெட்டியா என்பது ஷேப். போலாரிட்டி என்பது அவர் இருந்த இடத்திலிருந்து இரு பக்கமும் நகர்த்துகிறாரா, ஒரு பக்கம் மட்டுமா என்பதைச் சொல்கிறது.

பெரும்பாலோர் ரேட்டிலிருந்து தொடங்குகிறார்கள். காதுக்கு உடனே தெரிவது அதுதான் என்பதால். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசை. மாடுலேஷனை முழுவதும் நிறுத்திவிட்டு, அந்த ஒரு குமிழை மட்டும் கையால் மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஒரே இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். இதற்குக் கீழே போனால் ஒலி மங்குகிறது என்று தோன்றும் இடத்தையும், இதற்கு மேலே போனால் உறுத்துகிறது என்று தோன்றும் இடத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களுக்கு வெளியே குமிழ் ஒருபோதும் செல்லக்கூடாது. எல்லை இவ்வாறு முடிவான பிறகு எந்த வேகத்தில் அசைத்தாலும், எந்த அலைவடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஒலி உங்கள் விருப்பத்தை மீறிப் போகாது.

எடுத்துக்காட்டாக, ஃபில்டர் ஒன்று 400 ஹெர்ட்ஸ் முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாக ஒலிக்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். சில கருவிகள் மினிமம், மேக்ஸிமம் என்றே கேட்கும். அவற்றில் இவ்விரு எண்களையும் அப்படியே இட்டால் வேலை முடிந்தது. வேறு சில கருவிகள் நடுப்புள்ளியையும் டெப்த்தையும் கேட்கும். அங்கே பலர் கூட்டி இரண்டால் வகுத்து 1,200 என்று இட்டுவிடுகிறார்கள். காது சுருதியை விகிதத்தால்தான் அளக்கிறது என்பதால், இவ்விரண்டுக்கும் நடுவாகக் காதுக்குப் படுவது ஏறத்தாழ 900 ஹெர்ட்ஸ். இரு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். அங்கிருந்து மேலும் கீழும் ஒரு ஸ்தாயிக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் தூரம்) சற்று அதிகமாக டெப்த் வைத்தால், நீங்கள் குறித்த எல்லைகளைச் சரியாகத் தொடும்.

இருபக்கம் நகரும் அமைப்பில் இன்னொரு கண்ணி உண்டு. குமிழ் 80 சதவீதத்தில் இருக்க, டெப்த்தை 40 என்று வைத்தால் கணக்குப்படி அது 120 வரை போக வேண்டும். 100-க்கு மேல் இடமில்லை என்பதால் அங்கேயே முட்டி நிற்கும். வளைந்து சீராக ஏறி இறங்கும் சைன் அலையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் அது உச்சியில் அசையாமல் கிடக்கும். அலை சீராக இல்லை, எங்கோ ஒட்டிக்கொள்கிறது என்று தோன்றினால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

ஒரே சோர்ஸை ஒன்றுக்கு மேற்பட்ட குமிழ்களுக்கு இணைப்பதையும் தயங்காமல் முயலுங்கள். டொனால்ட் லெஸ்லி 1940-களில் ஹாமண்ட் என்னும் மின் ஆர்கனுக்காக உருவாக்கிய சுழலும் ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். அதனுள் சுழலும், ஒலியை வெளியிடும் கொம்பு கேட்பவரை நோக்கித் திரும்பும்போது சுருதி சற்று ஏறுகிறது, ஒலி வலுக்கிறது, தெளிவும் கூடுகிறது. விலகும்போது மூன்றும் சேர்ந்தே குறைகின்றன. மெதுவான நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சுற்றுகள், விரைவான நிலையில் ஏறத்தாழ 400. அதாவது நொடிக்கு ஒன்றுக்கும் குறைவானதிலிருந்து ஏழுக்கு அருகே வரை. ஒரே அசைவு பல குணங்களைச் சிறிது சிறிதாக மாற்றியதால்தான் அந்த ஒலிக்கு அவ்வளவு உயிர் வந்தது. உங்கள் கருவியிலும் ஒரு குமிழை நிறைய அசைப்பதைக் காட்டிலும் மூன்று குமிழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பது நல்ல பலன் தரும்.

கேள்வி: வீணையில் பிக்கப் பொருத்தி, கோரஸ் எஃபெக்ட்டை மிக இலேசாகச் சேர்த்து வாசிக்கிறேன். மெதுவான வேகத்தில் இனிமையாக இருக்கிறது. டெப்த்தைத் தொடாமல் ரேட்டை மட்டும் கூட்டினால் சுருதி விலகுவது போல் கேட்கிறது. என் காதுதான் ஏமாற்றுகிறதா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உங்கள் காது சரியாகவே கேட்கிறது. இக்கடிதம் வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனெனில் கருவிகளோடு வரும் கையேடுகள் டெப்த்தும் ரேட்டும் தனித்தனி விஷயங்கள் என்பது போலவே எழுதிவிட்டுப் போகின்றன. கோரஸில் அவை தனித்தனி அல்ல.

கோரஸ் என்பது உங்கள் ஒலியின் நகல் ஒன்றை ஏறத்தாழ 15 முதல் 30 மில்லி நொடி தாமதித்து, அந்தத் தாமதத்தை எல்எஃப்ஓ என்னும் மெதுவான அலைவால் முன்னும் பின்னும் அசைத்து, மூல ஒலியோடு கலப்பது. தாமதம் குறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் நகல் உங்களைத் துரத்தி வருகிறது, எனவே அதன் சுருதி ஏறுகிறது. தாமதம் கூடும்போது பின்தங்குகிறது, சுருதி இறங்குகிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஏறி ஒலித்து, கடந்து போனதும் இறங்குவதற்குக் காரணமும் இதுவே. இங்கே சுருதியின் விலகலை முடிவு செய்வது தாமதம் எவ்வளவு என்பதன்று, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. டெப்த்தை அப்படியே வைத்து ரேட்டை இரட்டிப்பாக்கினால், அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடக்க வேண்டியிருக்கிறது, விலகலும் இரட்டிப்பாகிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். சைன் அலையில் டெப்த் இருபக்கமும் 1 மில்லி நொடி, ரேட் நொடிக்கு 1 சுற்று என்றால், நகலின் சுருதி அதிகபட்சமாக 11 சென்ட் அளவுக்கு ஏறி இறங்கும். அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், இது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. அதே டெப்த்தில் ரேட்டை 3 ஆக்கினால் ஏறத்தாழ 33 சென்ட். நம் இசை நூல்கள் பேசும் பிரமாண சுருதி 81-க்கு 80 என்ற விகிதத்தில் அமைவது, அதாவது 22 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கோரஸ் அந்த நுண்ணிய அளவைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் தம்புரா அசையாமல் நிற்கும்போது, கமகத்தைத் தம் விரலாலேயே அளந்து பழகியவரின் காதில் இது படாமல் போகுமா?

ஆகவே ரேட்டையும் டெப்த்தையும் பெருக்கினால் வரும் எண்ணை ஏறத்தாழ மாறாமல் வைத்திருங்கள். ரேட்டை இரண்டு மடங்காக்கினால் டெப்த்தைப் பாதியாக்குங்கள். வீணைக்கு ரேட் 0.4 ஹெர்ட்ஸ், டெப்த் 1 மில்லி நொடி என்று தொடங்கினால் விலகல் 4 அல்லது 5 சென்ட்டுக்குள் அடங்கும். கலவையில் நகலின் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

அலைவடிவத்தையும் கவனியுங்கள். முக்கோண அலையில் தாமதம் ஒரே சீரான வேகத்தில் கூடி, ஒரே சீரான வேகத்தில் குறைகிறது. அதனால் நகலின் சுருதி பாதிச் சுற்று முழுவதும் சற்றே ஏறிய ஒரே இடத்திலும், மறு பாதியில் சற்றே இறங்கிய ஒரே இடத்திலும் நின்றுவிடுகிறது. கிதாரில் அதற்குத் தனி அழகு உண்டு என்றாலும், வீணையின் நீண்ட கார்வையில் இன்னொரு வீணை தவறாகச் சுருதி கூட்டப்பட்டது போல் கேட்கும். சைன் அலையே உங்களுக்குப் பொருந்தும். ஒலியின் வலுவையோ, இடவல நகர்வையோ, ஃபில்டரையோ அசைத்தால் ஸ்வரத்தின் இடம் மாறாது என்பதால், கச்சேரியில் ராகம் வாசிக்கும் பகுதிகளுக்குக் கோரஸை விட்டுவிட்டு அவற்றைப் பயன்படுத்துவதே என் விருப்பம்.

கேள்வி: ரிவெர்பிலும் மாடுலேஷன் என்று ஒரு குமிழ் இருக்கிறதே, அது எதற்கு?

பதில்: டிஜிட்டல் ரிவெர்ப் என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தாமதக் கோடுகளை ஒன்றோடொன்று பின்னி உருவாக்கப்படுவது. அவை அசையாமல் இருந்தால் சில அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாக நின்று, தகரக் குழாயில் பேசுவது போன்ற உலோக ஒலி எழும். அத்தாமதங்களைச் சிறிது அலைய விட்டால் அந்தத் தூக்கல் கலைந்துவிடும். டேவிட் கிரீசிங்கர் வடிவமைத்து 1978-இல் வெளிவந்த லெக்ஸிகன் 224 ரிவெர்பின் செழுமைக்கு இந்த அலைவு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அலைவு கூடினால் ஒலியின் வால் சுருதியிலிருந்து தள்ளாடும். தம்புராவோடு பாடும் குரலுக்கும், பியானோவுக்கும், புல்லாங்குழலுக்கும் அதைக் குறைத்தே வையுங்கள். நீண்ட ஸட்ஜம் ஒன்றைப் பாடி நிறுத்தி, எஞ்சும் வாலை மட்டும் கேட்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: காலால் அழுத்தி அளவுருவை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலை இணைத்து டிலேயின் (எதிரொலி) அளவைக் கூட்டிக் குறைக்க முயன்றேன். பெடலின் முதல் கால்வாசியிலேயே எல்லா மாற்றமும் நடந்துவிடுகிறது, மீதித் தூரத்தில் ஒன்றும் நடப்பதில்லை. பெடல் பழுதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் இருப்பது ஒரு மாறுமின்தடை. கருவி அதன் வழியே சிறு மின்னழுத்தத்தை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து பெடலின் நிலையை அறிகிறது. இதற்கு முனை, வளையம், உறை என மூன்று தொடர்புகள் உள்ள ஸ்டீரியோ ஜாக் வயர் வேண்டும். கிதாருக்கான மோனோ வயரைச் செருகினால் வளையமும் உறையும் ஒன்றாகிவிடும், அளவீடு குழம்பும். நகரும் தொடர்பைச் சில நிறுவனங்கள் முனையிலும் சில நிறுவனங்கள் வளையத்திலும் இணைக்கின்றன என்பது அடுத்த சிக்கல். இரண்டும் மாறிப்போனால் நீங்கள் சொல்லும் அறிகுறியே தோன்றும்: எல்லா மாற்றமும் ஓர் ஓரத்தில் நெருக்கியடித்து நடந்துவிடும். பெடலின் அடியிலோ கருவியின் அமைப்புப் பக்கத்திலோ போலாரிட்டி மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முனையையும் வளையத்தையும் மாற்றி இணைத்த வயர் ஒன்றைச் செய்துகொள்ளலாம். ஒலியே நேராக உள்ளே பாயும் வால்யூம் பெடலை, வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று இதற்கு மாற்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

வயர் சரியானதும் பெடலைக் கருவிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கேலிபரேஷன் பக்கத்தைத் திறந்து, குதிகால் பக்கம் முழுவதும் அழுத்தி ஒரு முறை, முன்பாதப் பக்கம் முழுவதும் அழுத்தி ஒரு முறை பதிவு செய்யுங்கள். வீட்டில் வெறுங்காலோடு செய்துவிட்டு, மேடையில் காலணியோடு மிதித்தால் அழுத்தம் மாறும். முழு எல்லையைத் தொடாமலும் போகலாம்.

பிறகு எல்லைகள். பெடலின் கீழ்முனைக்கு 0, மேல்முனைக்கு 100 என்று கருவி தானாகவே வைத்திருக்கும். அவ்வளவு உங்களுக்குத் தேவைப்படுவதில்லை. டிலே கலவை 12 முதல் 38 வரை என்று சுருக்கினால், பெடலின் முழுத் தூரமும் பயனுள்ள பகுதிக்கே செலவாகி, கால் மிக நுட்பமாக இயங்க முடியும். ஒரே பெடலில் ரிவெர்ப் கலவையை ஏற்றிக்கொண்டே டிலேயின் ஃபீட்பேக்கை, அதாவது எதிரொலி மீண்டும் உள்ளே அனுப்பப்படும் அளவை, இறக்கவும் செய்யலாம். இரண்டாவது இலக்குக்கு மினிமத்தைப் பெரிய எண்ணாகவும் மேக்ஸிமத்தைச் சிறிய எண்ணாகவும் இட்டால் போதும். ஃபீட்பேக்கைப் பெடலில் கட்டும்போது மட்டும் 85-க்கு மேல் எல்லை வைக்காதீர்கள். 100-ஐ எட்டினால் எதிரொலி தணியாது. தாண்டினால் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு ஒலிபெருக்கியையும் மேடையில் உள்ளோர் காதுகளையும் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: அதே பெடலில் ஃபில்டரை இணைத்தால், மெதுவாக அழுத்தும்போது படிப்படியாக ‘கிறுகிறு’ என்று ஒலிக்கிறதே? (அவரே)

பதில்: பெடலின் அசைவு கருவிக்கு மிடி வழியே போனால் இப்படி நடக்கும். இசைக்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற 1983-இல் வந்த அந்த முறையில் ஒரு கன்ட்ரோல் செய்தி 0 முதல் 127 வரை 128 நிலைகளையே சொல்லும். 200 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள தூரத்தைச் சம அளவுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 38 ஹெர்ட்ஸ். மேல்முனையில் அது 13 சென்ட்தான், தெரியாது. 200 ஹெர்ட்ஸுக்கு அருகில் அதே 38 ஹெர்ட்ஸ் மூன்று ஸ்வரஸ்தானங்களைத் தாண்டுவதாகும். பெடலின் வளைவை லீனியர் என்பதிலிருந்து லாக் அல்லது எக்ஸ்பொனென்ஷியல் என்பதற்கு மாற்றினால் எல்லாப் படிகளும் ஏறத்தாழ 44 சென்ட் என்று சமமாகும். அதற்கு மேல் படிகளை இழைத்து மென்மையாக்கும் ஸ்மூத்திங் வசதி இருந்தால் 20 முதல் 40 மில்லி நொடி வரை வையுங்கள். மிகுதியாக வைத்தால் ஒலி காலுக்குப் பின்தங்கும்.

கேள்வி: எங்கள் ஊர் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒலியமைப்புச் செய்கிறேன். குரலுக்கு எக்கோ சேர்த்தால் பாடலின் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. எடுத்துவிட்டால் குரல் வறண்டுவிடுகிறது. பாடாத இடைவெளியில் மட்டும் எக்கோ கேட்கும்படி செய்ய முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முடியும். இதற்கு எல்எஃப்ஓவைத் தொடவே வேண்டாம். பாடகரின் குரலையே சோர்ஸ் ஆக்க வேண்டும். என்வலப் ஃபாலோயர் என்னும் பகுதி, உள்ளே வரும் ஒலியின் வலுவை நொடிக்கு நொடி அளந்து ஓர் எண்ணாகத் தருகிறது. அதை எக்கோவின் ஒலியளவுக்கு எதிர்மறை டெப்த்தோடு இணைத்தால், குரல் எழும்போது எக்கோ தாழும், குரல் ஓயும்போது எழும். டக்கிங் என்று இதைச் சொல்வார்கள். 1985-இல் வந்த டிசி எலெக்ட்ரானிக் 2290 என்ற டிலே கருவி இந்த முறைக்குப் பெயர் பெற்றது. இப்போது எளிய கருவிகளிலும் கிடைக்கிறது.

எதை இறக்குகிறீர்கள் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். டிலேக்குள் நுழையும் ஒலியை இறக்கினால், பாடிய சொற்கள் எக்கோவுக்குள் போகவே மாட்டா. இடைவெளியில் திரும்பி வர எதுவும் இருக்காது. டிலேயிலிருந்து வெளியேறும் ஒலியையே இறக்க வேண்டும். இறக்கும் அளவு 10 முதல் 12 டெசிபெல் போதும். அட்டாக் (எக்கோ தாழ எடுக்கும் நேரம்) 10 மில்லி நொடி அளவிலும், ரிலீஸ் (மீண்டும் எழ எடுக்கும் நேரம்) 300 முதல் 400 மில்லி நொடி வரையிலும் தொடங்குங்கள். ரிலீஸ் மிகக் குறைந்தால் ஒரு சொல்லுக்குள்ளேயே, ‘அப்பா’ என்னும் சொல்லில் வல்லொற்று அடைக்கும் அந்தக் கணத்தில்கூட, எக்கோ எட்டிப் பார்க்கும். மிகக் கூடினால் அடுத்த வரி தொடங்கும் வரை அது எழாது. தமிழில் வல்லின ஒற்றுகள் மிகுதி என்பதால், ஆங்கிலப் பாடலுக்காகச் செய்யப்பட்ட ப்ரீசெட்டை (முன்கூட்டியே சேமித்த அமைப்பு) அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் குழு பாடும் பாடலையே வைத்து ரிலீஸைச் சரிபாருங்கள்.

ஃபாலோயருக்குப் போகும் ஒலியைக் கம்ப்ரஸருக்கு முன்பாக எடுங்கள். கம்ப்ரஸர் ஏற்றத்தாழ்வுகளைச் சமன் செய்துவிடுவதால், அதற்குப் பின்னர் எடுத்தால் அளக்க அதிகம் மிஞ்சியிருக்காது. பாடகரின் மைக்கில் அருகிலுள்ள டிரம்ஸ் ஒலி கலந்தால் ஒவ்வொரு அடிக்கும் எக்கோ பதுங்கும். மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுவருவதே இதற்கு உறுதியான மருந்து.

கேள்வி: மாடுலேஷனைத் தாளத்தோடு பொருத்த விரும்புகிறேன். அசைவைப் பாடலின் வேகத்தோடு தானாகப் பூட்டும் டெம்போ சிங்க் வசதி ஆதி தாளத்துக்குச் சரியாக இருக்கிறது, மிஸ்ர சாபுவில் தடம் மாறிவிடுகிறது. (சென்னையில் ஃப்யூஷன் குழு நடத்தும் வயலின் கலைஞர்)

பதில்: கணக்கு எளிது. 60,000-ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி நொடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 96 என்றால் ஒரு தட்டு 625 மில்லி நொடி. ஆதி தாளத்தின் எட்டுத் தட்டுகள் சரியாக 5 நொடி. ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளம் ஒரு முறை முழுமையாகச் சுற்றி வருவதற்கு, அலைவின் ஒரு சுற்று வேண்டுமானால் ரேட் 0.2 ஹெர்ட்ஸ். கருவி நான்கு தட்டுகளை ஒரு பார் என்று கொள்வதால், இரண்டு பார் என்று தேர்ந்தெடுத்தாலே ஆதி தாளம் அடங்கிவிடுகிறது.

மூன்று, இரண்டு, இரண்டு என நடக்கும் மிஸ்ர சாபுவுக்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை. சிங்க்கை அணைத்துவிட்டு எண்ணை நீங்களே இடுங்கள். நிமிடத்துக்கு 210 அலகுகள் என்ற நடையில் ஏழு அலகுகள் 2 நொடி, எனவே ரேட் 0.5 ஹெர்ட்ஸ். கிளிக் அல்லது சீக்வென்ஸரோடு வாசித்தால் இது வெகு நேரம் தாங்கும்.

மிருதங்கத்தோடு வாசிக்கும்போது தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை. உணர்வோடு வாசிப்பவரின் நடை இம்மியளவு முன்பின் நகரும். அவரை ஓர் எண்ணுக்குள் அடைக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் கருவியில் எல்எஃப்ஓவை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடச் செய்யும் ரீட்ரிக்கர் என்ற வசதி இருந்தால், அதைக் காலால் மிதிக்கும் சுவிட்சுக்கு இணைத்துவிடுங்கள். ரேட்டை ஆவர்த்தனத்துக்குச் சற்றே மெதுவாக, 0.45 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, சமம் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டு) விழும் இடத்தில் மிதித்தால் அலைவு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு ஆவர்த்தனமும் மிதிக்க வேண்டும் என்றில்லை. பல்லவியின் தொடக்கத்திலும் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்குப் பிந்திய எடுப்பிலும் மிதித்தாலே போதிய பிடிப்பு கிடைக்கும். கீழிருந்து மேலேறும் சாய்வலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுற்று முடியும் முன் மிதித்தால் அது உச்சிக்கு அருகிலிருந்து சட்டென்று கீழே விழுந்து ‘டக்’ என்று ஒலிக்கும். பள்ளத்திலிருந்து புறப்படும்படி ஃபேஸ் (தொடக்க இடம்) அமைத்த சைன் அலையில், சற்று முன்னதாக மிதித்தாலும் தாவல் சிறிதாகவே இருக்கும்.